லவோதிக்கேயா இடிபாட்டைப் பாத்துட்டு வந்தேன், ஐக்கிய சங்கத்துல என்ன பேசுறதுன்னு சொல்லுங்க

மெய்ஞானபுரம்_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிக்கிறதோட சரி, இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கிடுங்க.

போன மாசம் எங்க சேகரத்துல இருந்து 32 பேர் துருக்கி போயிட்டு வந்தோம். வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரத்துல ஆண்டவர் யோவான் மூலமா கடிதம் எழுதுன ஏழு சபை வருதுல்ல, அந்த ஏழு ஊரும் இன்னைக்கு துருக்கிக்குள்ளதான் இருக்கு. கடைசியா போனது லவோதிக்கேயா. டெனிஸ்லின்னு ஒரு பெரிய டவுன், அதை விட்டு கொஞ்சம் வெளிய வந்தா ஒரு மேட்டு நிலம், அதுல ரெண்டு தியேட்டர், ஒரு பெரிய ஸ்டேடியம், தூண் வரிசை வச்ச தெரு, கோயில், குளியல் கட்டடம் எல்லாம் வெயில்ல வெள்ளை வெளேர்னு கிடக்கு. வடக்க திரும்பிப் பாத்தா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பமுக்கலே மலை, பஞ்சு கொட்டி வச்ச மாதிரி வெள்ளையா தெரியும். அதுதான் கொலோசெயர் நிருபத்துல வர்ற எராப்போலி.

அங்க ஒரு இடத்துல பழைய தண்ணித் தொட்டி கோபுரம் மாதிரி ஒண்ணு இடிஞ்சு நிக்கு. அதுல மண் குழாய் வரிசையா செங்குத்தா பதிச்சிருக்கு. கிட்டப் போயி குனிஞ்சு பாத்தேன். குழாய் வாய் என் மணிக்கட்டு உள்ள போற அளவு இருக்கும், ஆனா உள்ள சுண்ணாம்பு வளையம் வளையமா, மரத்தை வெட்டுனா தெரியுமே அது மாதிரி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு படிஞ்சு நடுவுல என் பெருவிரல் நுழையுற ஓட்டைதான் மிச்சம். எங்க ஊரு போர் தண்ணில ஹீட்டர் காயில் என்ன கதி ஆகுமோ அதே கதி. எனக்கு அந்த இடத்த விட்டு வர மனசே இல்ல, ஏன்னு தெரியல கண்ணு கலங்கிருச்சு.

அப்ப எங்க டீம் லீடர் எல்லாரையும் கூப்பிட்டு, நீ குளிரும் இல்லாம அனலும் இல்லாம வெதுவெதுப்பா இருக்குறதுனால "உன்னை என் வாயினின்று வாந்திபண்ணிப்போடுவேன்"னு இந்த சபைக்கு ஆண்டவர் சொன்னார், சொன்னபடியே பண்ணிட்டார், பாருங்க கல்லு கல்லா கிடக்குன்னு சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஆமென் வரல. ஏன்னா அதுக்கு அரை மணி நேரம் முன்னாடிதான் அதே ஊருக்குள்ள ஒரு பெரிய ஆலயத்தோட தரையைக் கண்ணாடி நடைபாதை மேல நின்னு பாத்தோம், மொசைக் தரை, ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் இருக்கு, 4-ம் நூற்றாண்டுல கட்டுனதுன்னு போர்டுல போட்டிருந்துச்சு. யோவான் அந்தக் கடிதத்தை எழுதினது 1-ம் நூற்றாண்டு கடைசி. வாந்தி பண்ணிட்டாருன்னா அப்புறம் 200 வருஷத்துக்கு மேல கழிச்சு அங்க ஆலயம் கட்டுனது யாரு?

வர்ற ரெண்டாவது சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்துல என்னை 15 நிமிஷம் பேசச் சொல்லிருக்காங்க. பாதிப்பேர் வயசான அம்மாமார், எனக்கு ஞாயிறு பள்ளில சொல்லிக் கொடுத்தவங்களும் உண்டு. தப்பா ஒண்ணு சொல்லிட்டு வந்துரக்கூடாதுன்னு பயமா இருக்கு. கைடு சொன்னாரு, எராப்போலி வெந்நீர் ஊத்துல இருந்து குழாய் வழியா தண்ணி வந்துச்சு, வர்ற வழியில ஆறி வெதுவெதுப்பா ஆயிருச்சு, அதைத்தான் ஆண்டவர் சொன்னார்னு. இது சரியா? அப்புறம் இடிஞ்சு கிடக்கிறதே நியாயத்தீர்ப்புன்னு சொல்லலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_குழாய் எழுதியது:

அக்கா ஸ்தோத்திரம். நான் குடிதண்ணி குழாய் வேலையில 30 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், வேதம் விளக்குற அளவுக்கு நான் ஆள் இல்ல, குழாயப் பத்தி மட்டும் சொல்றேன்.

கைடு சொன்னது பல பிரசங்கத்துலயும் வர்றதுதான், ஆனா வழி தப்பு. லவோதிக்கேயாவுக்கு தண்ணி வந்தது தெற்க இருந்து, இன்னைக்கு டெனிஸ்லி டவுன் இருக்குற பக்கத்து ஊத்துல இருந்து, ஏறக்குறைய 8 கிலோமீட்டர். எராப்போலி இருக்குறது வடக்க. நடுவுல லைக்கஸ் ஆத்துப் பள்ளம். அந்த வெந்நீர் இந்தப் பக்கம் வரல.

ஆனா தெற்க இருந்து வந்த விதம் பாத்தீங்கன்னா அசந்துருவீங்க. ஊரு மேட்டுல இருக்கு, ஊத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு தாழ்வு. பாலம் மாதிரி கால்வாய் கட்டாம, தண்ணிய மூடின குழாய்க்குள்ள பள்ளத்துல இறக்கி, அந்த அழுத்தத்துலயே அந்தப் பக்கம் ஏத்தி விட்டிருக்காங்க. நம்ம சைபன்னு சொல்றதைத் தலைகீழா போட்ட மாதிரி. அந்த அழுத்தத்துக்கு மண் குழாய் தாங்காது, அதனால பெரிய பெரிய கல்லு பிளாக் எடுத்து நடுவுல துளை போட்டு ஒண்ணோட ஒண்ணு கவ்வுற மாதிரி ரெண்டு வரிசை போட்டிருக்காங்க. நீங்க பாத்த மண் குழாய் எல்லாம் ஊருக்குள்ள பங்கு போட்டு விடுற இடத்துல. சில கல்லு பிளாக்குல மேல்பக்கம் ஒரு துளை போட்டு கல்லு வச்சு அடைச்சிருக்கும், காத்து போகவோ அடைப்பு எடுக்கவோ வச்சதா இருக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு அதைப் பாத்தாலே என் வேலைதான் ஞாபகம் வரும், சுண்ணாம்பு ஒரே நாள்ல அடைக்காது, தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும், வீட்டுல குழாயத் திறந்தா வரும், அதனால யாருக்கும் தெரியாது, பிரஷர் கொஞ்சம் கொஞ்சமா குறையும் ஜனங்க அதுக்குப் பழகிருவாங்க, ஒரு நாள் சுத்தமா நிக்கும்போதுதான் நம்மளக் கூப்பிடுவாங்க.

இன்னொரு விஷயம், அங்க கி.பி. 114-ம் வருஷத்து தண்ணிச் சட்டம் கல்வெட்டா கிடைச்சிருக்கு. குழாய உடைச்சா, தண்ணிய அசுத்தம் பண்ணா, சொந்தத்துக்கு திருப்பிக்கிட்டா 5,000 தெனாரியஸ்ல இருந்து 12,500 வரைக்கும் அபராதம். மத்தேயு 20-ல திராட்சைத் தோட்ட ஆளுக்கு நாள் கூலி ஒரு பணம்னு வருதே அதுதான் தெனாரியஸ், அப்ப 5,000-ன்னா பதிமூணு வருஷக் கூலிக்கு மேல. யோவான் எழுதி ஒரு தலைமுறைக்குள்ள போட்ட சட்டம். அந்த ஊர்க்காரங்களுக்கு தண்ணி எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

குளிர், அனல்: எராப்போலி ஊத்து சுமார் 35 டிகிரி, உடம்பு வலிக்கு நல்லது. பக்கத்து ஊரு கொலோசே, அங்க ஹோனாஸ் மலை, 2,500 மீட்டருக்கு மேல உசரம், அந்த அடிவாரத் தண்ணி சில்லுனு குடிக்க நல்லது. வெந்நீரும் நல்லது பச்சத் தண்ணியும் நல்லது, நடுவுல இருக்குறதுதான் எதுக்கும் ஆகாது. இல்ல, இது ஊரு தண்ணியப் பத்தியே இல்ல, பந்தியில சூடாவோ குளிர்ச்சியாவோ குடிக்கிற பானத்தைச் சொல்றதுன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. எப்படி எடுத்தாலும் ஒண்ணு மட்டும் கவனிக்கணும், ஆண்டவர் "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்"னு ரெண்டையும் நலம்னுதான் சொல்றார். குளிர்னா அவிசுவாசின்னு நம்ம மேடையில சொல்லிப் பழகிட்டோம், வசனத்துல அப்படி இல்ல.

விளக்குத்தண்டு_2 எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

உங்க டீம் லீடர் சொன்னதுல வரலாறு தப்பா இருக்கலாம், ஆனா அந்தப் பயம் தப்பு இல்ல. இப்ப எல்லாத்தையும் மென்மையா பேசிப் பேசி எச்சரிப்புங்குறதே சபையில இல்லாமப் போச்சு. நான் 2019-ல எபேசு போனேன். அந்த பெரிய தியேட்டர் படியில உக்காந்து நேரா பாத்தா ஒரு ரோடு போகுது, துறைமுக ரோடு, தூண் எல்லாம் வச்சு ராஜாவுக்குப் போட்ட மாதிரி. அது போயி முடியுற இடத்துல கடல் இல்ல, வெறும் புல்லும் சதுப்பும். கடல் இப்ப 5 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிருச்சு. ஆறு வண்டல் கொண்டு வந்து கொட்டிக் கொட்டி துறைமுகத்தையே மூடிருச்சு. ஆதியில இருந்த அன்பை விட்டுட்டன்னு குறை சொல்லி, அந்த சபைக்குத்தான் "உன் விளக்குத்தண்டை அதனிடத்தினின்று நீக்கிவிடுவேன்"னு எழுதினது. அங்க நின்னு அந்த வசனத்தை வாசிச்சப்ப எனக்குக் கை நடுங்குச்சு, நான் அந்த வருஷம் ஜெபத்தையே விட்டுட்டு வெறும் சபை வேலை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தவன், எல்லா கமிட்டியிலயும் என் பேரு இருக்கும், ஆதி அன்பு எங்க போச்சுன்னு தெரியாது. அன்னைக்கு ராத்திரி ஹோட்டல் ரூம்ல முழங்கால் போட்டதுதான்.

அதனால அக்கா, கல்லைப் பாத்து பயப்படுறது தப்புன்னு மட்டும் சொல்லிராதீங்க. எனக்கு அந்தப் பயம்தான் உயிர் கொடுத்துச்சு.

வேதவகுப்பு_மாணவி எழுதியது:

அக்கா, நீங்க ஆமென் சொல்லாம நின்னீங்களே, அந்த இடம்தான் உங்க 15 நிமிஷமும்னு எனக்குத் தோணுது. நான் இறையியல் படிக்கிறேன், சபை வரலாறுதான் என் பாடம்.

முதல்ல, இடிஞ்சு கிடந்தா நியாயத்தீர்ப்புன்னு ஒரு சட்டம் போட்டா ஏழு சபையிலயே அது நிக்காது. ஏழுல ரெண்டு சபைக்கு ஆண்டவர் ஒரு குறையும் சொல்லல, சிமிர்னா, பிலதெல்பியா. சிமிர்னா கி.பி. 178-ல பூகம்பத்துல விழுந்துச்சு. பிலதெல்பியா இன்னைக்கு அலாஷெகிர்ங்குற டவுன், அங்க ஊருக்கு நடுவுல பழைய ஆலயத்தோட செங்கல் தூண்கள் மட்டும் மொட்டையா நிக்குது, அக்கா நீங்களும் பாத்திருப்பீங்க. குறை சொல்லப்படாத சபைக்கும் மிஞ்சினது தூண்தான். "ஜெயங்கொள்ளுகிறவன் எவனோ அவனை என் தேவனுடைய ஆலயத்திலே தூணாக்குவேன், அதினின்று அவன் ஒருக்காலும் நீங்குவதில்லை"ன்னு அந்த சபைக்குத்தான் எழுதியிருக்கு. அவங்க கி.பி. 17 பூகம்பத்தைக் கண்ட ஊர்க்காரங்க, வீடு ஆடுச்சுன்னா வெளிய ஓடுறவங்க, அவங்ககிட்டப் போயி நீ இனிமே வெளிய போக வேண்டாம்னு சொல்றார். நான் இதை வகுப்புல முதல்ல கேட்டப்ப அழுதுட்டேன்.

2023 பிப்ரவரி 6 பூகம்பத்துல அந்தாக்கியா ஊரே தரையோட போச்சு, அங்க இருந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் விழுந்துச்சு. அதுதான் நம்ம வேதத்துல வர்ற அந்தியோகியா, சீஷர்களுக்கு முதல் முதல் கிறிஸ்தவர்கள்னு பேரு வந்த ஊரு. பிள்ளைகளைப் பறிகொடுத்து நிக்கிற அந்த சபைக்காரங்க முகத்தைப் பாத்து நீங்க வெதுவெதுப்பா இருந்தீங்கன்னு நாம சொல்வோமா? சொல்ல முடியாதுன்னா 1,400 வருஷத்துக்கு முன்னாடி செத்த லவோதிக்கேயாக்காரங்களப் பாத்தும் சொல்லக்கூடாது.

இப்ப லவோதிக்கேயா. கி.பி. 60-ல அங்க பெரிய பூகம்பம். ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதுறார், அந்த ஊரு நம்மகிட்ட இருந்து ஒரு உதவியும் வாங்காம சொந்தப் பணத்துலயே எந்திரிச்சு நின்னுச்சுன்னு. பணம் மாத்துற ஊரு, ரோம அரசியல்வாதி சிசெரோ கூட தன் பணத்தை அங்க மாத்தினதா கடிதத்துல எழுதியிருக்கார். காக்கா நிறத்துல மெத்துனு கறுப்பு ஆட்டு ரோமம், பக்கத்துலயே வைத்தியப் பள்ளி. இதைத் தெரிஞ்சுக்கிட்டு "நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை"ங்குற வார்த்தைய வாசிங்க, அப்புறம் வெண்வஸ்திரம் வாங்கு, கண்ணுக்குக் கலிக்கம், அதாவது கண் மருந்து, போடுங்குறதை வாசிங்க. அவங்க எதுல பெருமைப்பட்டாங்களோ அது ஒவ்வொண்ணுலயும் கைய வைக்கிறார். அவங்க செஞ்ச தப்பு பூகம்பத்துல விழுந்தது இல்ல, விழுந்துட்டு யார் கையும் வேண்டாம்னு எந்திரிச்சதுல வந்த மிதப்புதான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? இதுதான் யாரும் சொல்றதில்ல. 2-ம் நூற்றாண்டுல லவோதிக்கேயா சபைக்கு சாகரிஸ்னு ஒரு அத்தியட்சர் (பிஷப்) இருந்தார், அவர் இரத்தசாட்சியா மரிச்சார். எபேசு அத்தியட்சர் பொலிக்கிராத்தேசு எழுதின கடிதத்துல அவர் பேரைச் சொல்லி, அவர் லவோதிக்கேயாவுல நித்திரை பண்றார்னு எழுதியிருக்கார், அந்தக் கடிதத்தை யூசேபியஸ் தன் சபை வரலாற்றுல எடுத்து வச்சிருக்கார். வெதுவெதுப்புன்னு பேரு வாங்கின சபையில இருந்து உயிரைக் கொடுத்த ஆளு வந்திருக்கார் அக்கா. அதுக்கும் அப்புறம் 4-ம் நூற்றாண்டுல அந்த ஊர்ல ஒரு ஆலோசனைச் சங்கம் கூடி அது எடுத்த தீர்மானங்கள் இன்னைக்கும் இருக்கு. நீங்க கண்ணாடி மேல நின்னு பாத்த ஆலயம், 2010-ல தோண்டும்போது வெளிய வந்தது. ஊரு கைவிடப்பட்டது 7-ம் நூற்றாண்டு தொடக்கத்துல, இன்னொரு பூகம்பத்துக்கு அப்புறம், ஜனங்க தண்ணி ஊத்து இருந்த பக்கமே குடி மாறிப் போயிட்டாங்க.

"வாந்திபண்ணிப்போடுவேன்"னு சொன்ன அதே வாயிலதான் மூணு வசனம் தள்ளி "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்"னு வருது. வாசற்படியில நின்னு தட்டுறேன், உள்ள வந்து போஜனம் பண்ணுவேன்னு வருது, ஐயா சொன்ன பந்தி விளக்கம் இங்க எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க. கடைசியில சிங்காசனத்துல என்னோட உக்காருன்னு வருது, ஏழு சபைக்கும் கொடுத்த வாக்குல இதைவிடப் பெரிய வாக்கு எனக்குத் தெரியல, அது இந்த சபைக்கு.

விளக்குத்தண்டு பிரதர், உங்க சாட்சிய நான் குறைச்சுப் பேசல. ஆனா உங்களுக்கு எபேசுல வந்த பயம் உங்களப் பத்தின பயம், அது நல்லது. டீம் லீடர் சொன்னது அவங்களப் பத்தின தீர்ப்பு. ரெண்டும் ஒண்ணு இல்ல.

விளக்குத்தண்டு_2 எழுதியது:

சிஸ்டர், சாகரிஸ் பத்தி நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. நானே எத்தனை தடவை அந்த சபையைத் திட்டிப் பிரசங்கம் பண்ணிருக்கேன். மனசு கனமா இருக்கு. நீங்க சொன்ன வித்தியாசத்தை ஏத்துக்கிறேன். ஆனாலும் எச்சரிப்பை விட்றாதீங்க அக்கா, அவங்க கேட்டுத் திருந்தினாங்கன்னா எச்சரிப்பு இருந்ததுனாலதானே.

தீவுக்காரன் எழுதியது:

நான் ராமேஸ்வரம் பக்கம். நீங்க பேசுற அளவுக்குப் படிச்சவன் இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. தனுஷ்கோடியில மாதா கோயில் சுவர் மட்டும் நிக்குதே, 1964 டிசம்பர் புயல்ல போனது, டூரிஸ்ட் வந்து அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. எங்க தாத்தா அந்தக் கோயில்ல பூசைக்குப் போனவர். ஒரு தடவை ஒருத்தர் பெரிய குரூப்பைக் கூட்டிட்டு வந்து அங்க நின்னு, இந்த ஊரு பாவம் பண்ணுச்சு அதான் கடல் எடுத்துக்கிச்சுன்னு மைக்ல பேசுனார். தாத்தா பக்கத்துல வலை சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தார். எந்திரிச்சுப் போயி அவர்கிட்ட சண்டை போடல, ஐயா அந்த ராத்திரி செத்தவங்க பேரு எனக்குத் தெரியும் சொல்லட்டுமான்னு மட்டும் கேட்டார். அந்த ஆளு மைக்கைக் கீழ வச்சுட்டார்.

அக்கா, அங்க இருந்தவங்களுக்கும் பேரு இருந்திருக்கும்ல.

மெய்ஞானபுரம்_அக்கா எழுதியது:

எல்லாத்தையும் ரெண்டு தடவை வாசிச்சேன். தீவுக்காரன் தம்பி எழுதினதுக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியல. பேரு இருக்கு தம்பி, கொலோசெயர் 4-ல லவோதிக்கேயா சகோதரரை வாழ்த்தும்போதே நிம்பான்னு ஒரு பேரு வருது, அந்த வீட்டுல கூடுற சபைன்னு பவுல் எழுதுறார். இத்தனை வருஷமா வாசிச்சுட்டு கடந்து போயிருக்கேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மாணவி தங்கச்சிக்கு. அங்க ஒரு உடைஞ்ச தூண்ல யூதருடைய ஏழு கிளை குத்துவிளக்கு செதுக்கி அதுக்கு மேல சிலுவை போட்டிருந்துச்சு. எங்க கூட வந்த ஒருத்தர் பாத்தியா சிலுவை ஜெயிச்சுட்டுன்னு சொன்னார். அந்தப் போட்டோவையும் காட்டலாமா?

வேதவகுப்பு_மாணவி எழுதியது:

காட்டுங்க அக்கா, ஆனா ஜெயிச்ச கதையா சொல்ல வேண்டாம். சிலுவைய எந்த மனசோட போட்டாங்கன்னு அந்தக் கல்லு சொல்லல. அந்த ஊர்ல யூதர் குடும்பங்க யோவானுக்கு 150 வருஷத்துக்கு முன்னாடியே இருந்தாங்க, எருசலேம் ஆலயத்துக்குன்னு அவங்க சேத்து வச்ச பொன்னை ரோம அதிகாரி பிடிச்சு வச்சதை சிசெரோ பேசியிருக்கார். 4-ம் நூற்றாண்டு சங்கம் கிறிஸ்தவங்க ஓய்வுநாளை யூதரைப் போல ஆசரிக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு, அப்ப ஆசரிச்சவங்க இருந்திருக்காங்கன்னுதானே அர்த்தம், அடுத்தடுத்த வீட்டுல இருந்து பழகின ஜனம். அந்தப் போட்டோவக் காட்டும்போது ரோமர் 11:18 வாசிச்சுருங்க, யூதரல்லாத விசுவாசிகள் யூதரைப் பாத்துப் பெருமை பேசக்கூடாதுன்னு பவுல் சொல்ற இடம், "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது"ன்னு வருமே அது போதும்.

பழைய_குழாய் எழுதியது:

அக்கா, வயசான அம்மாமார்னு சொன்னீங்க, போன்ல போட்டோவக் காட்டினா பின்னால இருக்குறவங்களுக்குத் தெரியாது. குழாய்த் துண்டு ஏதாவது கையில கொடுத்துத் தடவிப் பாக்கச் சொல்லுங்க. நான் புதுசா வர்ற பையங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

மெய்ஞானபுரம்_அக்கா எழுதியது:

ஐயா, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பிளம்பர் கழட்டிப் போட்ட ஹீட்டர் காயில் பின்பக்கம் கல்லு மாதிரி உப்புப் பிடிச்சுக் கிடக்கு, இப்பப் போயி எடுத்துப் பாத்தேன், கம்பியே தெரியல. துணியில சுத்தி பைக்குள்ள வச்சுட்டேன். அதை முதல்ல ஒவ்வொருத்தர் கையிலயா சுத்தி விட்டுட்டு, அப்புறம் சாகரிஸ் கதையில ஆரம்பிக்கப் போறேன். சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு, ஜெபத்துல ஞாபகம் வச்சுக்கிடுங்க.